ரிட்டர்ன் ஆகாத இண்டிகேட்டர்

ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்த பைக்காரர் இடது கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்து மூடி, விரித்து மூடிக் காட்டினார். கண்ணாடியை இறக்கினேன். "மேடம், இண்டிகேட்டர் ஆஃப் மாடி" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு முறுக்கிக்கொண்டு போய்விட்டார். அல்சூரில் இடது பக்கம் திரும்பும்போது போட்டது. டின் ஃபேக்டரி நெருங்கும் வரை கண் சிமிட்டிக்கொண்டே வந்திருக்கிறது. ஊரில் சைடு ஸ்டாண்டை எடுக்காமல் போகிறவனைப் பார்த்துத் தெருவே கத்துமே, அதே அக்கறைதான் பெங்களூரில் இண்டிகேட்டருக்கும். அந்த ஒரு வாரத்தில் மட்டும் மூன்று பேர் எனக்கு விரலை விரித்துக் காட்டியிருப்பார்கள்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகத்தான் முதலில் இருந்தது. அப்புறம் ஒரு நாள் காலை, நேராகப் போகிற என்னுடைய காரில் இடது இண்டிகேட்டர் எரிந்துகொண்டிருக்க, இடப் பக்கச் சந்திலிருந்து ஓர் ஆட்டோ தயங்காமல் வெளியே வந்தது. அவர் மேல் தப்பு இல்லை. நான் அந்தச் சந்துக்குள் நுழையப் போகிறேன் என்று என் கார்தான் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது. பிரேக் பிடித்துவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. எரியாத இண்டிகேட்டரை விட அணையாத இண்டிகேட்டர் மோசம் என்று அன்றைக்குப் புரிந்தது. எரியவில்லை என்றால் எதிரில் இருப்பவர் சந்தேகப்பட்டு நிற்பார். பொய்யாக எரிந்தால் நம்பி வந்துவிடுவார்.

ஸ்டியரிங்கைத் திருப்பி நேராக்கியதும் இண்டிகேட்டர் லீவர் தானாகவே 'டக்' என்று நடுவுக்கு வந்துவிட வேண்டும். மெக்கானிக்குகள் இதை 'ரிட்டர்ன் ஆகிறது' என்பார்கள். இது எப்படி நடக்கிறது என்று எனக்குக் கார் ஓட்டக் கற்ற நாளிலிருந்து தெரியாது. ஏதோ மின்சாரம், ஏதோ சென்சார் என்று நினைத்திருந்தேன். பெரும்பாலான கார்களில் அப்படி எதுவும் கிடையாது. இரண்டு மூன்று பிளாஸ்டிக் துண்டுகளும் ஒன்றிரண்டு சின்ன ஸ்பிரிங்குகளும்தான். அமெரிக்காவின் பியூக் கார்களில் 1940இல் இந்தத் தானாக அணையும் வசதி வந்தது. நம் தெருவில் நிற்கும் ஹேட்ச்பேக்கிலும் அடிப்படை யோசனை அதேதான்.

யோசனையைப் புரிந்துகொள்ள வீட்டுக் கதவைப் பார்த்தால் போதும். தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டு உள்ள கதவில் ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். கதவை இழுத்துச் சாத்தும்போது அந்த நாக்கு சட்டத்தில் உரசி, உள்ளே போய், மறுபடி வெளியே வந்துவிடும். சத்தம் மட்டும் கேட்கும், தடை இருக்காது. அதே கதவைத் திரும்பத் திறக்க இழுத்தால்? நாக்கு சட்டத்தில் மாட்டிக்கொள்ளும், அசையாது. ஒரு பக்கம் வழி விடும், மறு பக்கம் பிடித்துக்கொள்ளும். சைக்கிள் பெடலைப் பின்னோக்கிச் சுற்றினால் கிரிகிரி என்று சும்மா சுற்றுவதும், முன்னோக்கி மிதித்தால் சக்கரத்தைப் பிடித்து இழுப்பதும் இதே சங்கதிதான்.

இப்போது காருக்கு வருவோம். ஸ்டியரிங் வளையத்துக்குப் பின்னால், ஸ்டியரிங்கோடு சேர்ந்து சுற்றும் ஒரு பிளாஸ்டிக் வட்டு இருக்கிறது. அதன் விளிம்பில் ஒரு மேடு, சில கார்களில் இரண்டு. இந்த வட்டுக்குப் பக்கத்தில் சுற்றாமல் நிற்பது இண்டிகேட்டர் ஸ்விட்ச். அதற்குள் கதவுப் பூட்டில் உள்ளதைப் போன்ற ஒரு சின்ன நாக்கு. லீவர் நடுவில் இருக்கும்போது இந்த நாக்கு பின்வாங்கி ஒதுங்கி இருக்கும். நீங்கள் ஸ்டியரிங்கை எப்படி ஒடித்தாலும் மேடு அதைத் தொடாது. அதனால்தான் இண்டிகேட்டர் போடாமல் வண்டியைத் திருப்பும்போது எந்தச் சத்தமும் வருவதில்லை.

லீவரைத் தட்டி இண்டிகேட்டர் போடுகிறீர்கள். இரண்டு காரியம் நடக்கிறது. லீவர் ஒரு சிறு பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது, கையை எடுத்தாலும் அங்கேயே நிற்பது அதனால்தான். கூடவே அந்த நாக்கு முன்னால் நீண்டு, மேடு சுற்றி வரும் பாதையில் வந்து நிற்கிறது. நீங்கள் இடது பக்கம் திரும்ப ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது மேடு வந்து நாக்கை இடிக்கும். நாக்கு சாய்ந்து வழி விட்டு மறுபடி நிமிர்ந்துகொள்ளும். ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்டால் ஒரு மெல்லிய 'கிளிக்' காதில் விழும். திருப்பம் முடிந்து ஸ்டியரிங் நேராகத் திரும்பி வரும்போது அதே மேடு எதிர்த்திசையிலிருந்து வந்து நாக்கை இடிக்கும். இந்தத் திசையில் நாக்குக்குச் சாய வழி இல்லை. சாய முடியாததால் தள்ளப்படுகிறது, தள்ளப்படும்போது லீவரையும் பள்ளத்திலிருந்து கிளப்பி நடுவுக்குத் தட்டிவிடுகிறது. 'டக்.' அவ்வளவுதான் கதை.

இதில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும். இண்டிகேட்டரை அணைப்பது திருப்பம் இல்லை, திருப்பத்திலிருந்து ஸ்டியரிங் மீண்டு வரும் அந்த அசைவு. மேடு ஒரு தடவை நாக்கைத் தாண்டிப் போயிருந்தால்தான், திரும்பி வரும்போது அதைத் தட்ட முடியும்.

இதை வைத்துக்கொண்டு, எது கோளாறு, எது கோளாறு இல்லை என்று முதலில் பிரித்துவிடலாம். கடைக்குப் போகும் முன்பே பாதிப் பேருக்கு வேலை முடிந்துவிடும். சில்க் போர்டு பக்கத்திலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி போகும் மேம்பாலத்தில் லேன் மாறுகிறீர்கள். ஸ்டியரிங்கை நாலு விரல்கடை அளவுக்குத்தான் அசைத்திருப்பீர்கள். மேடு நாக்கின் பக்கத்திலேயே வந்திருக்காது. பிறகு எதை வைத்து ரிட்டர்ன் ஆகும்? அவுட்டர் ரிங் ரோட்டில் சர்வீஸ் ரோட்டிலிருந்து மெயின் ரோட்டில் சேரும்போதும், ஹெப்பாள் மேம்பாலத்தின் நீண்ட வளைவு முடிந்து வெளியே வரும்போதும் இப்படித்தான் ஆகும். கால் சுற்றோ அதற்குக் கொஞ்சம் கூடவோ ஸ்டியரிங் சுற்றினால்தான் பல கார்களில் இந்த ஏற்பாடு வேலை செய்யும். சரியான அளவு காருக்குக் கார் மாறும். ஆகவே "மேம்பாலத்தில் ரிட்டர்ன் ஆகவில்லை, தெருவில் ஆகிறது" என்றால் உங்கள் காருக்கு ஒன்றும் இல்லை.

இந்த மாதிரி இடங்களுக்கென்றே லீவரில் இன்னொரு நிலை வைத்திருக்கிறார்கள். பலருக்கு அது தெரியாது. லீவரைப் பள்ளத்தில் விழும் வரை முழுதாகத் தள்ளாமல், பாதி தூரம் தள்ளி விரலால் பிடித்திருங்கள். பிடித்திருக்கும் வரை எரியும், விட்டால் அணையும். லேன் மாறி முடிந்ததும் விரலை எடுத்துவிட வேண்டியதுதான். புதிய கார்கள் பலவற்றில் லேசாக ஒரு தட்டுத் தட்டினால் மூன்று தடவை சிமிட்டிவிட்டுத் தானே நின்றுவிடும். நான் ஒன்பது வருஷம் கார் ஓட்டிய பிறகுதான் இந்தப் பாதித் தள்ளலைக் கண்டுபிடித்தேன், அதுவும் தற்செயலாக.

இதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு. வலது பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டுப் பாதி திரும்பியிருப்பீர்கள். நடுவில் ஒரு பள்ளம், இந்த ஊரில் பள்ளத்துக்கா பஞ்சம். ஸ்டியரிங்கைச் சட்டென்று கொஞ்சம் இடப் பக்கம் எடுத்து அதைத் தவிர்க்கிறீர்கள். இண்டிகேட்டர் 'டக்' என்று அணைந்துவிடும். திருப்பம் இன்னும் பாக்கி இருக்கும். ஏன் என்று இப்போது நீங்களே சொல்லிவிடலாம். நாக்குக்குப் பள்ளம் தெரியாது. ஸ்டியரிங் மீண்டு வந்தது, தட்டிவிட்டது.

சரி, உண்மையான கோளாறு எப்படி இருக்கும்? வீட்டு வாசலிலேயே சோதித்துப் பார்க்கலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜினை ஓட விடுங்கள். இன்ஜின் ஓடாமல் பவர் ஸ்டியரிங்கை முறுக்கினால் கையும் வலிக்கும், வண்டிக்கும் நல்லதில்லை. முன்சக்கரம் நடைபாதைக் கல்லில் முட்டாமல் இருக்கட்டும். ரேடியோ, ஏசி எல்லாம் அணைத்துவிடுங்கள். வலது இண்டிகேட்டர் போட்டு, ஸ்டியரிங்கை வலது பக்கம் முக்கால் சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். 'கிளிக்' கேட்கிறதா என்று கவனியுங்கள். மெதுவாகத் திருப்பிக் கொண்டுவாருங்கள். இப்போது இடது பக்கத்துக்கும் அதேபோல. ஒவ்வொரு பக்கமும் நாலைந்து தடவை செய்துபாருங்கள்.

ஒரு பக்கம் மட்டும் ரிட்டர்ன் ஆகி மறு பக்கம் ஆகவில்லை என்றால் வட்டும் மேடும் நன்றாக இருக்கின்றன, நாக்கின் அந்தப் பக்கத்து ஓரமோ அதன் ஸ்பிரிங்கோ போயிருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு பக்கமும் ஆகவில்லை, போகும்போது 'கிளிக்' சத்தமும் இல்லை என்றால் மேடு நாக்கைத் தொடவே இல்லை என்று அர்த்தம். மேடு உடைந்திருக்கலாம், அல்லது ஸ்விட்ச் தன் இடத்தில் சரியாக உட்காராமல் விலகியிருக்கலாம். சில நேரம் ஸ்விட்சைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். லீவரைப் பிடித்து லேசாக ஆட்டினால் மொத்த ஸ்விட்சும் ஆடும். அதிர்ஷ்டம் இருந்தால் ஸ்க்ரூவை முறுக்குவதோடு முடிந்துவிடும். எப்போதாவது ஆகிறது, எப்போதாவது இல்லை என்றால் நாக்கின் முனை தேய்ந்திருக்கும், அல்லது பழைய கிரீஸ் தூசியோடு சேர்ந்து பிசினாகி நாக்கைச் சோம்பேறியாக்கியிருக்கும்.

லீவர் நடுவுக்கு வந்துவிட்டது, ஆனால் விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது என்றால் அது வேறு வியாதி. அது மின்சாரம் சம்பந்தப்பட்டது, ஸ்விட்சுக்குள் இருக்கும் தொடர்பு ஒட்டிக்கொண்டிருக்கலாம். அங்கே இந்தக் கட்டுரை உதவாது. அதேபோல லீவர் பள்ளத்திலேயே நிற்காமல் கையை எடுத்ததும் விழுந்துவிட்டால், பள்ளம் தேய்ந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் நான் ஏமாந்தேன். மேலே சொன்ன எதுவும் தெரியாமல் வீட்டுப் பக்கத்தில் ஒரு கேரேஜில் காரை விட்டேன். "ஃப்ளாஷர் ரிலே போயிடுச்சு மேடம்" என்றார்கள். மாற்றினார்கள், காசு வாங்கினார்கள். மறுநாள் மறுபடி விரல்கள் விரிந்து மூடின. திரும்பப் போனபோது "வயரிங் பாக்கணும், ரெண்டு நாள் விடுங்க" என்றார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜே.சி. ரோடு பக்கத்தில் ஒரு சந்தில் இருக்கும் பழைய மெக்கானிக்கிடம் என் தம்பிதான் அனுப்பினான். அவருக்குப் பூர்வீகம் கிருஷ்ணகிரிப் பக்கம், நாற்பது வருஷமாக இங்கேதான். காருக்குள் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஸ்டியரிங்கை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இரண்டு முறை சுற்றிப் பார்த்தார். "எத மாத்துனாங்க?" என்றார். ரிலே என்றேன்.

"ஏம்மா, ரிலே கண் சிமிட்டுறதுக்கு. உன் கையைத் தட்டி விடுறது அது இல்ல. ரிலேயை மாத்துனா இது எப்படி ரிட்டர்ன் ஆகும்?"

ரிலேயின் வேலை ஒன்றே ஒன்றுதான், விளக்கை விட்டு விட்டு எரிய வைப்பது. நிமிஷத்துக்கு 60 முதல் 120 தடவைக்குள் சிமிட்ட வேண்டும் என்பது விதி. பழைய குண்டு பல்பு உள்ள கார்களில் ஒரு பல்பு ஃபியூஸ் ஆனால் மிச்சம் இருப்பது படபடவென்று வேகமாகச் சிமிட்டும். அது உங்களுக்குச் செய்யும் எச்சரிக்கை. சிமிட்டவே இல்லை, அல்லது எரிந்தபடியே நிற்கிறது என்றால் அப்போது ரிலேயைச் சந்தேகப்படலாம். லீவர் நடுவுக்கு வராததற்கும் ரிலேக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. யாராவது இந்தக் கோளாறுக்கு ரிலே, பல்பு, ஃபியூஸ் என்று ஆரம்பித்தால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த மெக்கானிக் அண்ணன் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். எனக்கு அவசரம். அவருக்கு இல்லை. காரணம் பிறகு சொல்கிறேன். வந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள கவரின் மூன்று ஸ்க்ரூவைக் கழற்றி, மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் பிரித்தார். உள்ளே பார்த்தால் நடுவில் ஸ்டியரிங் தண்டு, அதன் இரு பக்கமும் இரண்டு ஸ்விட்சுகள், ஒன்று வைப்பருக்கு, ஒன்று இண்டிகேட்டருக்கும் ஹெட்லைட்டுக்கும். இரண்டும் சேர்ந்ததைத்தான் கடையில் காம்பினேஷன் ஸ்விட்ச் என்று கேட்க வேண்டும். என் காரில் இண்டிகேட்டர் பக்கத்து ஸ்விட்ச் இரண்டு ஸ்க்ரூவில் நின்றது. ஸ்டியரிங்கைக் கழற்றாமலேயே பக்கவாட்டில் உருவிக்கொண்டு வந்துவிட்டது.

அதைக் குப்புறப் பிடித்துக் காட்டினார். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு சின்ன நாக்கு, என் சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. முனை மழுங்கி, ஒரு ஓரம் கடுகு அளவுக்குப் பிய்ந்து போயிருந்தது. நல்ல பக்கத்து ஓரத்தை ஸ்க்ரூ டிரைவரால் தட்டினார், சாய்ந்து 'டிக்' என்று நிமிர்ந்தது. எதிர்ப்புறமிருந்து தட்டினார், அசையாமல் நின்றது. உடைந்த ஓரத்தை அதேபோல எதிர்ப்புறமிருந்து தட்டினார், ஸ்க்ரூ டிரைவர் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. கதவு உவமையெல்லாம் எனக்கு அந்த நிமிஷத்தில்தான் தோன்றியது.

ஏன் உடைந்தது என்று கேட்டேன். வயசுதான் முதல் காரணம். பெங்களூர் டிராஃபிக்கில் ஒரு நாளைக்கு எத்தனை திருப்பம், எத்தனை தட்டல். வெயிலில் நிற்கும் காரில் பிளாஸ்டிக் காய்ந்து நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். இன்னொரு காரணத்தை அவர் என்னைப் பார்த்து, கொஞ்சம் குறும்பாகவே கேட்டார்: "லீவரை விரல்ல பிடிச்சுக்கிட்டே ஸ்டியரிங்கைத் திருப்புற பழக்கம் இருக்கா?" இருந்தது. அடுத்தடுத்து இரண்டு திருப்பம் வந்தால், முதல் திருப்பத்தில் அணைந்துவிடாமல் இருக்கட்டும் என்று லீவரை அழுத்திப் பிடித்துக்கொள்வேன். மேடு ஒரு பக்கம் தள்ளும், என் விரல் மறு பக்கம் தள்ளும், நடுவில் மாட்டிக்கொள்வது அந்தத் துண்டு பிளாஸ்டிக். லீவரில் மாஸ்க், சாவிக்கொத்து, கயிறு கட்டிய சாமி படம் என்று தொங்கவிடுகிறவர்களும் கொஞ்சம் யோசிக்கலாம்.

இந்த நாக்கு பெரும்பாலும் தனியாகக் கிடைக்காது. ஸ்விட்சையே மாற்ற வேண்டும். ஃபெவிக்விக் போட்டு ஒட்டலாமே என்று என் கணவர் கேட்டார், எல்லா வீட்டிலும் ஒருவர் கேட்பார். ஒட்டாது. ஒட்டினாலும், தட்டு வாங்குவதே வேலையாக இருக்கிற இடத்தில் நாலு நாள் நிற்காது. பெயர்ந்து விழும் துண்டு சுற்றும் ஸ்டியரிங்கின் இடுக்கில் போய் மாட்டினால் இண்டிகேட்டர் பிரச்சினை ஸ்டியரிங் பிரச்சினையாகிவிடும். கண்ட எண்ணெயை ஸ்விட்சுக்குள் பீய்ச்சி அடிப்பதும் வேண்டாம். உள்ளே மின் தொடர்புகள் இருக்கின்றன, கம்பெனி வைத்த கிரீஸையும் அது கழுவிவிடும். பிசினான கிரீஸ்தான் பிரச்சினை என்றால் ஸ்விட்சைக் கழற்றி, துடைத்து, பிளாஸ்டிக்குக்கு ஏற்ற கிரீஸை ஒரு துளி வைத்தால் போதும்.

ஸ்விட்ச் வாங்க ஜே.சி. ரோட்டில் கடைக்குக் கடை ஏறலாம். காரைப் பொறுத்து விலை சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் வரை போகும். கார் பெயரை மட்டும் சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஒரே காரில் வருஷத்துக்கு வருஷம், மாடலுக்கு மாடல் ஸ்விட்ச் மாறும். ஃபாக் லைட் இருக்கிறதா, ஏர்பேக் இருக்கிறதா என்பதைப் பொறுத்தும் மாறும். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போய், ஸ்டிக்கரில் உள்ள நம்பரைப் பாருங்கள், பின்னால் உள்ள கனெக்டரில் எத்தனை பின் என்று எண்ணிப் பாருங்கள், பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். நாக்கை விரல் நகத்தால் தட்டிப் பார்த்தும் வாங்கலாம், கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. கழற்றிய பழைய ஸ்விட்சும் கிடைக்கும், பாதி விலைக்கு. இன்னொரு காரில் ஏற்கனவே பத்து வருஷம் தட்டு வாங்கிய நாக்குக்குக் காசு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது அந்த டீ விஷயம். ஸ்டியரிங்குக்குள் ஏர்பேக் இருக்கிறது. இந்தியாவில் விற்கும் கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலை முதல் கட்டாயம், அதற்கு முந்தைய பல கார்களிலும் உண்டு. பேட்டரியைக் கழற்றிய பின்னும் அந்தச் சுற்றில் கொஞ்சம் மின்சாரம் தேங்கி நிற்கும். அது வடியக் காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பது கார் கையேட்டில் இருக்கும், பத்து நிமிஷம் விட்டால் பொதுவாகப் பயமில்லை. முகத்துக்கு நேரே வெடித்து விரியும் சாமானோடு விளையாட்டு வேண்டாம். அதனால் என் கருத்து இதுதான்: கீழ்க் கவரைக் கழற்றிப் பார்ப்பது, ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா என்று சோதிப்பது வரை பேட்டரியைக் கழற்றிவிட்டு நீங்களே செய்யலாம். ஸ்டியரிங்கைக் கழற்ற வேண்டும் என்ற கட்டம் வந்தால் கையை எடுத்துவிட்டுத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஏனென்றால் பல கார்களில் அந்த மேடு தனி வட்டில் இல்லாமல், கிளாக் ஸ்பிரிங் என்ற வட்டமான பிளாஸ்டிக் டப்பாவின் முதுகில் இருக்கும். சுற்றிக்கொண்டே இருக்கும் ஸ்டியரிங்குக்குள் உள்ள ஏர்பேக்குக்கும் ஹார்னுக்கும் மின்சாரம் போக வேண்டுமே, சாதாரண வயர் என்றால் முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும். அதனால் ரிப்பன் மாதிரி ஒரு தட்டையான வயரைப் பழைய கடிகாரத்துச் சுருள்வில் போலச் சுருட்டி இந்த டப்பாவுக்குள் வைத்திருக்கிறார்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் சுருள் இறுகும், மறு பக்கம் திருப்பினால் தளரும். நடுவிலிருந்து இரு பக்கமும் சில சுற்றுகள்தான் அதற்கு இடம். ஸ்டியரிங்கைக் கழற்றி வைத்திருக்கும்போது யாராவது இந்த டப்பாவைச் சும்மா சுற்றிவிட்டு அப்படியே மாட்டிவிட்டால், நடு மாறிவிடும். அப்புறம் என்றாவது ஒரு நாள் பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது ரிப்பன் அறுந்துவிடும். ஹார்ன் அடிக்காது, ஏர்பேக் விளக்கு எரியும். ஐந்நூறு ரூபாய் வேலைக்குப் போய் ஐயாயிரத்தில் வந்து நிற்பது இப்படித்தான்.

வேறு ஏதோ வேலைக்குப் போய்வந்த பிறகு இண்டிகேட்டர் கோளாறு தொடங்கியது என்றால் காரணம் பெரும்பாலும் அந்த வேலையில்தான் இருக்கும். ஸ்டியரிங்கைக் கழற்றியவர் டப்பாவின் மேட்டை உடைத்திருக்கலாம். அல்லது ஸ்டியரிங்கைத் தண்டில் உள்ள பல்வரிசையில் ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கலாம். இதற்கு அடையாளம், ஒரு பக்கம் இண்டிகேட்டர் சீக்கிரமே அணையும், மறு பக்கம் ரொம்ப தாமதமாக அணையும், அல்லது அணையவே அணையாது.

வீல் அலைன்மென்ட் கடைகளில் நடக்கும் ஒரு சோம்பேறித்தனத்தை இங்கே சொல்லியாக வேண்டும். நேராக ஓட்டும்போது ஸ்டியரிங் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது என்று காரை விடுவோம். வண்டிக்கு அடியில் போய், முன்சக்கரங்களைத் திருப்பும் டை ராட் என்ற கம்பியைச் சரிசெய்து ஸ்டியரிங்கை நேராக்குவதுதான் முறையான வேலை. சிலர் அதைச் செய்யாமல் ஸ்டியரிங்கையே உருவி ஒன்றிரண்டு பல் தள்ளி மாட்டி நேராக்கிவிடுவார்கள். பார்க்க நேராக இருக்கும். உள்ளே மேடு இடம் மாறியிருக்கும், இண்டிகேட்டர் ரிட்டர்ன் ஆகும் நேரம் கோணலாகிவிடும். அலைன்மென்ட் செய்கிறவர் ஸ்டியரிங் நட்டைத் தேடினால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

விலை கூடின சில புதிய கார்களில் லீவர் எந்தப் பக்கம் தட்டினாலும் உடனே நடுவுக்கு வந்து நிற்கும். அங்கே நாக்கும் இல்லை, மேடும் இல்லை. ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று ஒரு சென்சார் கம்ப்யூட்டருக்குச் சொல்லும், எப்போது அணைப்பது என்று அது முடிவு செய்யும். அந்த மாதிரி காரில் கோளாறு வந்தால் ஸ்கேனர் வைத்திருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். பல நேரம் சென்சாருக்கு நடு எது என்று மறுபடி சொல்லிக்கொடுத்தாலே சரியாகிவிடும்.

சரிசெய்யும் வரை என்ன செய்வது? நான் ஒரு வாரம் பாட்டே வைக்காமல் ஓட்டினேன். பகல் நேரத்தில் சுற்றிலும் ஹார்ன் சத்தத்தில் இண்டிகேட்டரின் டிக் டிக் காதில் விழாது, மீட்டரில் பச்சை அம்பு சிமிட்டுவதும் வெயிலில் மங்கித் தெரியும். அதனால் ஒவ்வொரு திருப்பமும் முடிந்ததும் லீவரை விரலால் தொட்டுப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. இப்போது தேவையில்லாத போதும் விரல் தானாகப் போகிறது.

வேலை முடிந்ததும் காசைக் கொடுக்கும் முன் செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும் சந்தேகம்தான், அணையாமல் நின்றாலும் சந்தேகம்தான். ஹார்ன் அடித்துப் பாருங்கள், ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுசாக ஒடித்து வைத்தும் அடித்துப் பாருங்கள். வைப்பர், ஹெட்லைட் டிம்மும் பிரைட்டும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள், கனெக்டரைச் சரியாகச் சொருகாமல் விட்டிருப்பார்கள். பிறகு மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள், இடது பக்கம் இரண்டு திருப்பம், வலது பக்கம் இரண்டு. எங்கள் அண்ணன் டவுன் ஹால் வரை கூட வந்தார். இரண்டாவது வலது திருப்பத்தில் லீவர் 'டக்' என்று விழுந்ததும், "இங்கேயே இறக்கி விடும்மா, நடந்து போயிக்கிறேன்" என்றார். ஓரமாக நிறுத்த இடது இண்டிகேட்டர் போட்டேன். நிறுத்தும்போது ஸ்டியரிங்கை லேசாகத்தான் ஒடித்தேன். அது ரிட்டர்ன் ஆகவில்லை. இறங்கியவர் குனிந்து கண்ணாடி வழியாக ஐந்து விரலையும் விரித்து மூடிக் காட்டினார்.